பெரட்டு மணியடியில் நின்றவன்

ராசா வட்டாரம், சிரம்பான்
9 ஆகஸ்டு 1943

கிராணி அந்தோணிதாசுக்கு,

ஆக்னஸ் எழுதுவது. கடிதத்தை 'அன்புள்ள' என்று தொடங்குவதுதான் வழக்கம். எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை.

நான் இப்போது வேலை செய்யும் தையல் கடைக்கு நேற்று வந்த நாகூர் கனி காக்கா, கருவாட்டு மூட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா அனுப்பியது என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே உம்முடைய கையெழுத்து. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிதான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் தம்பியைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிட்ட கை, 'கண்ணு ஆக்னஸு' என்று என் அம்மா சொன்னதை எழுதலாமா? கடிதத்தை அடுப்பில் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன், அது வேறு.

நீர் மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். "ஆள் புடிக்க லோரி வருதுன்னு தெரிஞ்சா காலையில பேர் கூப்புடுற பெரட்டு மணிய நான் அடிக்க மாட்டேன். மணி கேக்காத அன்னிக்கு ஆம்பளைங்க எல்லாம் காட்டுக்குள்ள போயிடுங்க" என்று லயத்தில் வீடு வீடாகப் போய்க் காதோடு சொன்னது நீர். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டீர். ஏன் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேஸ்திரி மண்டோரை விட்டு என்னைப் பெண் கேட்டீர். நான் குழாயடியில் ஊர் கேட்க, "தொப்பி மாறுனா தலையும் மாறுற ஆளு எங்களுக்கு வேணாம்" என்று சொல்லியனுப்பினேன். வெள்ளைக்காரத் துரை இருந்தவரைக்கும் அவனுக்கு சலாம். ஜப்பான்காரன் வந்ததும் அவனுக்கு இடுப்பொடிந்த கும்பிடு. நான் சொன்னதில் என்ன தப்பு?

அன்று விடியலில் மணி அடிக்கவில்லை. ஆண்கள் காட்டுக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மணி கேட்டது. ஆபத்து நீங்கிவிட்டது, வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பினார்கள். பிறந்ததிலிருந்து அந்த மணிக்கு எழுந்து பழகிய கால்கள் அல்லவா, நேராகப் பெரட்டுக் களத்துக்கு வந்து நின்றன. ஆபீசுக்குப் பின்னால் லோரி காத்திருந்தது. நான் ஆற்றங்கரையிலிருந்து துணி மூட்டையோடு ஓடி வந்தபோது தம்பி மைக்கல்ராஜை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீர் மணிக்கடியில், அடிக்கிற கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றீர். உம் முகத்தில் துப்பினேன். துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு மானம்.

நம் லயத்து வள்ளியம்மாவின் புருஷனும் அதே லோரியில்தான் போனான். அன்று நானும் அவளும் களத்து மண்ணைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்தோம். காலம் இப்படியே இருக்காது. மாறுகிற அன்று உம்மை விடமாட்டோம்.

அம்மாவுக்கு வேறு யாரையாவது வைத்து எழுதும்.

உம் முகத்தில் துப்பிய,
ஆக்னஸ்


ஈயக்குட்டைத் தோட்டம், கோலா பிலா
2603 ஆகஸ்டு 27

செல்வி ஆக்னஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். மேலே போட்டிருப்பது ஜப்பான் வருடம். அப்படித்தான் போட வேண்டும் என்பது உத்தரவு; தாங்கள் அதற்கும் ஏதாவது சொல்வீர்கள்.

வேறு ஆளை வைத்து எழுதச் சொன்னீர்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஊரை விட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அந்த லோரியில் போய்விட்டார். தோட்டத்தில் பேனா பிடிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். ஆகையால் தாங்கள் என்னைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாயார் சொல்ல எழுதுவது: "கண்ணு ஆக்னஸு, காச்ச விட்டு விட்டு வருது. பயப்படாத. மரவள்ளிய அவிச்சுத் தின்னு தின்னு நாக்குச் செத்துப்போச்சு. தம்பிகிட்டேருந்து சேதி வந்தா ஒடனே சொல்லி அனுப்பு. அந்தத் தையக்காரன் கடையில வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு லா. ஒன் வாயிதான் ஒனக்கு எமன்."

கடைசி வரியை நான் சேர்க்கவில்லை. அவர் இரண்டு முறை சொன்னார்.

தாங்கள் துப்பியதைத் துடைக்காமல் இருந்தது மானம் இல்லாததால் அல்ல. அது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இப்படிக்கு,
அந்தோணிதாஸ்


ராசா
15 டிசம்பர் 1943

கிராணிக்கு,

காக்கா வாயைப் பிடுங்கி ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். "ஒங்கம்மாவுக்குக் காச்ச நின்னதுக்குக் காரணம் கொய்னா மாத்திர புள்ளே. கிராணி கைக்கடியாரத்தக் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு வாங்குனாரு. ஒங்கிட்ட சொல்லாதன்னாரு. எனக்குத்தான் வாயி நிக்கல" என்றார்.

யார் உம்மைக் கேட்டது? பழி வாங்க வேண்டிய ஆளின் தயவில் அம்மா பிழைத்திருக்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு கேவலம், தெரியுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சோறு என்று ஒன்று இருந்தால்தானே இறங்க, அது வேறு கதை.

மாத்திரை கொடுத்தால் மறந்துவிடுவேன் என்று நினைக்காதீர். இத்துடன் ஒரு சட்டை அனுப்புகிறேன். நானே தைத்தது. வாங்கியதற்குப் பதில், அவ்வளவுதான். நீர் கிழிசலோடு பெரட்டுக்கு நிற்பதாகக் காக்கா சொன்னார். உம்மைத் தூக்கில் போடுகிற அன்றைக்காவது நல்ல சட்டை உடுத்தியிரும்.

அம்மாவை ஈரத் தரையில் படுக்க விடாதீர்.

ஆக்னஸ்


ஈயக்குட்டைத் தோட்டம்
2604 மார்ச் 4

ஆக்னஸ் அவர்களுக்கு,

சட்டை கிடைத்தது. தோள் சரியாக இருக்கிறது. கழுத்து மட்டும் கொஞ்சம் இறுக்கம். வேண்டுமென்றே அப்படித் தைத்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தாயார் சொல்ல எழுதுவது: "இந்தக் கிராணிய ஜப்பான்காரனுங்க வெயில்ல முட்டி போட வச்சானுங்க ஆக்னஸு. இன்னும் ஆளு குடுன்னானுங்களாம். எல்லாருக்கும் காச்ச, குடுக்க ஆளு இல்லன்னு இவரு சொன்னாராம். மண்டையில ஒரு கல்ல வச்சு நாளெல்லாம் அப்படியே வச்சிட்டானுங்க. ஏன்யா பேனாவ வச்சிட்டே? எழுதுய்யா, எழுது."

எழுதச் சொன்னதால் எழுதினேன். அவர் மிகைப்படுத்துகிறார். அது பெரிய கல் இல்லை.

நீங்கள் எனக்கு வைத்த 'கைக்குட்டைக் கிராணி' என்ற பெயர் லயம் முழுக்கப் பரவியது எனக்கும் தெரியும். உங்கள் வாசல் நாற்றம் பொறுக்காமல் நான் மூக்கைப் பொத்தியதாக நினைத்தீர்கள். நான் போர்டிக்சனில் கடற்காற்றில் வளர்ந்தவன். கித்தாப்பால் புளித்த ரப்பர் வாடை எனக்கு ஆகவில்லை. முதல் மாதம் முழுக்க வாந்தி. கிராணி வாந்தி எடுக்கிறார் என்று பெயர் வாங்குவதைவிடத் திமிர்பிடித்தவன் என்ற பெயரே மேல் என்று இருந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

உங்களை முதலில் பார்த்த அன்று, "இந்தப் பொண்ணு வாய்க்குத் தனியா ஒரு பெரட்டு வைக்கணும்" என்று மண்டோரிடம் சொன்னேன். நீங்கள் காதில் வாங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு பெண் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? நானே வந்து கேட்டிருக்க வேண்டும். மண்டோரை அனுப்பியது என் அகம்பாவம்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தோணிதாஸ்


ராசா
11 பிப்ரவரி 1945

கிராணிக்கு,

எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று நீர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் எத்தனை எழுதிவிட்டோம் பாரும். காக்காவின் சைக்கிளுக்கு டயர் இல்லை, கயிற்றைச் சுற்றி ஓட்டுகிறார். தடதடவென்று அது சந்து திரும்பும்போதே கடையில் இருக்கிற பெண்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. உம்மை வெறுப்பது எனக்கு ஒரு வேலையாக இருந்தது. இப்போது அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இவ்வளவு செய்கிற நீர் அன்று ஏன் மணியை அடித்தீர்? துப்பாக்கியை நீட்டினானா? பயந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லும். பயந்தவனை மன்னிக்கலாம் என்று

பிப்ரவரி 14

மேலே உள்ளதைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன். கிழித்துப் போட நினைத்தேன். வேண்டாம், அதையும் படியும். எவ்வளவு தூரம் வந்திருந்தேன் என்று உமக்குத் தெரியட்டும்.

சயாமிலிருந்து ஒருவன் தப்பி வந்திருக்கிறான். எலும்பும் தோலுமாகக் கோயில் மண்டபத்தில் கிடக்கிறான். மைக்கல்ராஜோடு ஒரே கொட்டகையில் படுத்தவன். தம்பி காலராவில் போய்விட்டானாம். மூச்சு முழுசாக நிற்பதற்கு முன்பே தீயில் போட்டார்களாம். அதை அவன் சாதாரணமாகச் சொன்னான். நிறையப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

என் தம்பிக்குக் கல்லறை இல்லை. உமக்குப் புதுச் சட்டை தைத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜப்பான்காரனை எதிர்த்து மலையில் ஒளிந்திருக்கிறவர்களுக்கு ஆள் அனுப்பும் வழி வள்ளியம்மாவுக்குத் தெரியும். உம் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஜப்பான்காரன் விழுகிற அன்று அவர்கள் இறங்கி வருவார்கள். செய்ததை உம்மிடம் மறைக்காமல் சொல்கிறேன். முதுகில் குத்துவது உம் பழக்கம், என் பழக்கம் இல்லை.

அம்மாவிடம் மைக்கல் போனதைச் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். இனி எனக்கு எழுதாதீர்.

ஆக்னஸ்


ஈயக்குட்டைத் தோட்டம்
20 ஆகஸ்டு 1945

ஆக்னஸ்,

எழுதாதே என்றாய். ஆறு மாதம் எழுதவில்லை. ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்று கோலா பிலாவிலிருந்து சேதி வந்திருக்கிறது. இந்தத் தேதியை நம் கணக்கில் போட யாருடைய உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியை மலையிலிருந்து இறங்கிய மூன்று நட்சத்திரத் தொப்பிக்காரர்கள் நேற்றுக் கொண்டுபோனார்கள். அடுத்தது நான்தான். சாகப்போகிறவனுக்கு ஒரு சுயநலம் இருக்கிறது. எல்லோரும் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், நீ ஒருத்தி தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

என் மேல் இரண்டு குற்றம் சொன்னாய். முதலாவது முழுக்க என்னுடையது. மணி அடிக்காவிட்டால் ஓடிவிடுங்கள் என்று எல்லா வாசலிலும் சொன்னேன். உன் வாசலுக்கு முன்னால் வந்து நின்றேன். குழாயடியில் நீ அன்று சொன்னது மறுபடி காதில் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லட்டும் என்று திரும்பிவிட்டேன். அவர்கள் சொல்லவில்லை. என் ரோஷம்தான் உன் தம்பியைக் கொன்றது. இதை நான் பூசி மெழுக மாட்டேன்.

இரண்டாவது என்னுடையது அல்ல. மணியை அடித்தவன் மைக்கல்ராஜ். அவனுக்கு விஷயம் தெரியாது. மணி கேட்கவில்லை, கிராணி தூங்கிவிட்டார், நேரம் போனால் எல்லோருக்கும் அன்றைய அரிசி போய்விடும் என்று ஓடி வந்து அவனே அடித்திருக்கிறான். சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கினேன். அதற்குள் காட்டிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பனியில் வேறு எதுவும் தெரியவில்லை. எல்லோரும் பார்த்தது மணிக்கடியில் நின்ற என்னைத்தான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், புருஷனைப் பறிகொடுத்த அத்தனை பேரும் அன்றே உன் அம்மாவின் வீட்டைக் கொளுத்தியிருப்பார்கள். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. அம்மாவிடம் அறவே கூடாது. நான் ஓடவும் மாட்டேன். நான் ஓடினால் அவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள்.

நீ திட்டி எழுதிய கடிதங்கள்தான் இந்த இரண்டு வருஷமும் என்னை மனுஷனாக வைத்திருந்தன. உன்னை மனதார நேசிக்கிறேன். இதை நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

தாஸ்


ராசா
24 ஆகஸ்டு 1945

ஓடும்! தயவுசெய்து ஓடும்!

உம் கடிதமும் வள்ளியம்மாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் உம்மை நிறுத்தப்போகிறார்களாம். புதுப் புடவை கட்டிக்கொண்டு அதை என்னிடம் சொல்ல வந்தாள். வேண்டாம் அக்கா, விட்டுவிடலாம் என்று காலைப் பிடித்தேன். காரணம் கேட்டாள். உம்முடைய கட்டளையால் வாய் திறக்க முடியவில்லை. "ஒம் பழிய நீ வுட்டுட்டே, சரி. எம் பழிய நான் ஏன்டி வுடணும்? எழுதி எழுதி ஒன்ன மயக்கிட்டான்" என்று உதறிவிட்டுப் போனாள்.

கொடுத்த பெயரைத் திரும்ப வாங்க முடியவில்லை. நான் மூட்டிய தீ, நான் ஊதினால் அணையவில்லை.

இதைக் காக்காவிடம் கொடுத்து முன்னால் அனுப்புகிறேன். எனக்கு வண்டி எதுவும் கிடைக்கவில்லை, நடந்து வருகிறேன். உம் கட்டளையைக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதீர். நான் எப்போது உம் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

ஆக்னஸ்


போர்டிக்சன்
30 செப்டம்பர் 1945

ஆக்னஸ்,

அக்கா வீட்டில் இருக்கிறேன். வலது மணிக்கட்டை உடைத்துவிட்டார்கள். இது இடது கை எழுத்து, பொறுத்துக்கொள்.

என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. தோட்டத்து ஸ்டோரில் கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள். களத்தில் கூச்சல் கேட்டது. உன் குரல் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் அலறல். அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் யாரோ கட்டை அவிழ்த்து ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

நீ சொல்லிவிட்டாய் என்று ஊகிக்கிறேன். எனக்காகத் தம்பியின் பெயரைக் கெடுத்துக்கொண்டாய். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உனக்கு நினைவு வரும். ஆகையால் நான் திரும்பி வருவது சரியில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

தாஸ்


ஈயக்குட்டைத் தோட்டம்
10 அக்டோபர் 1945

தாஸ்,

கோழி கிறுக்கியது மாதிரி எழுதியிருந்தாலும் படித்துவிட்டேன். நீங்கள் ஊகித்தது பாதிதான் சரி. என்ன நடந்தது என்று சொல்கிறேன். இனிமேல் 'நீர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தொப்பிக்காரர்களில் தமிழ் தெரிந்த ஒருவன், "இந்தக் கிராணிதான் மணியடிச்சு ஆள் குடுத்தானா? பாத்தவங்க சொல்லுங்க" என்று கேட்டான். வள்ளியம்மா முன்னால் வந்தாள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், "அவரு அடிக்கல. அடிச்சது எந் தம்பி" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அம்மா எழுந்தாள். அவளுக்கு மைக்கல் போனதைக்கூட நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. "அவன் தானா அடிக்கல. நாந்தான் அடிக்கச் சொன்னேன்" என்றாள். "மணியக் காணோமேடா, அரிசிய வெட்டிப்புடுவானுங்க, ஓடு, நீயாச்சும் அடிடான்னு தூங்குனவன எழுப்பி அனுப்புனது நான். நான் வாசல்ல நின்னு 'அடிடா, அடிடா'ன்னு கத்துனதக் கிராணி ஓடுறப்ப பாத்தாரு. இத்தன நாளும் யாருகிட்டயும் சொல்லல. என்ன என்ன செய்யணுமோ செய்யுங்க."

நீங்கள் அதையும் பார்த்திருக்கிறீர்கள். சாகப்போகிறேன் என்று எனக்கு எழுதிய கடிதத்தில்கூட அதைச் சொல்லவில்லை. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

வள்ளியம்மா மணி அடிக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். அம்மா தலையைக் குனிந்து கொடுத்தாள். நான் நடுவில் விழுந்தேன். என்னைக் காலால் ஒதுக்கிவிட்டாள். ஓங்கியபடி நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கம்பியைத் தூர எறிந்துவிட்டுப் பேய்போல அலறினாள்: "பழி வாங்க எனக்கு ஆளே இல்லாமப் பண்ணிட்டீங்களேடி! நான் யாரப் போயி வெட்டுவேன்?" தொப்பிக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் உங்களை விடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மைக்கலைப் பற்றி அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். தெரியும் என்றாள். நான் கடிதம் போடுவதை நிறுத்திய அன்றே தெரிந்ததாம்.

லயத்தில் எங்களோடு யாரும் பேசுவதில்லை. வள்ளியம்மா மட்டும் தினம் காலையில் எங்கள் வீட்டு முன்னால் வந்து உட்காருகிறாள். அம்மா ஒரு தட்டில் மரவள்ளியை வைத்து அவள் முன்னால் நகர்த்துவாள். தொடமாட்டாள். நேற்றுச் சாப்பிட்டாள்.

இப்போது நம் விஷயம். மன்னிப்புக் கேட்க யோக்கியதை இல்லை என்கிறீர்கள். நல்லது, கேட்காதீர்கள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனதற்கு உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை. உங்கள் பெயரைக் கொடுத்துக் கையை உடைக்க வைத்ததற்கு நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் இவ்வளவு பழியை இங்கேயும் போர்டிக்சனிலுமாக இருந்துகொண்டு கடிதத்தில் தீர்க்க முடியாது. ஒரே வீட்டில் இருந்தால்தான் முடியும். அதற்கே ஓர் ஆயுசு போதுமா என்று தெரியவில்லை.

நேற்றுக் கோலா பிலாவுக்குப் போய் மாதாகோயில் சாமியாரைப் பார்த்தேன். அந்தோணிதாசுக்கும் ஆக்னசுக்கும் கலியாண ஓலை வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை. ஆட்சேபம் உள்ளவர்கள் உண்டா என்று சாமியார் கேட்பார். லயத்து ஜனம் அத்தனை பேரும் எழுந்து நின்றாலும் எனக்குக் கவலை இல்லை. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் கடிதம் போடக் கூடாது. நேரில் வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

ஆக்னஸ்